செய்தி நின்ற இடம்

நுழையும்முன்

பொறி ஒன்று பழுதுற்றால் ஓசையோ வெப்பமோ புகையோ அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், பொறிகளுக்கிடையே நிகழும் செய்திப் பரிமாற்றம் ஒரு நொடியின் சிறுபகுதி நேரம் அறுந்து, மீண்டும் தானே இணைந்துகொண்டால் அதன் தடயம் எங்கே இருக்கும்? கண்ணுக்குத் தெரியாத அப்பிழையைத் தேடும் முறை தொழில்நுட்பத்திற்கு மட்டும் உரியதன்று. காரணம் கண்டு தெளியும் அறிவுப் பழக்கத்திற்கும் அது நல்லதோர் எடுத்துக்காட்டாகும். தொழிற்சாலைகளின் ஃபீல்டுபஸ் வலையமைப்பை முன்வைத்து அம்முறையை இப்பாடம் விளக்குகிறது.

மாலையில் வரும் பிழை

ஓர் ஊருக்குக் குடிநீர் வழங்கும் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஆற்றுநீர் உள்ளே வருகிறது, படிகாரக் கரைசல் கலக்கப்படுகிறது, கலங்கல் படிகிறது, மணல் வடிகட்டிகளைக் கடந்து, குளோரின் ஏற்று, நீர் ஊருக்குள் செல்கிறது. வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும், பம்புகளை ஓட்டுவதும் நிறுத்துவதும், நீரின் அளவையும் கலங்கலையும் அறிவதும் ஆகிய அனைத்தையும் கட்டுப்பாட்டு அறையிலுள்ள கணிப்பொறிக் கட்டுப்படுத்தி ஒன்றே மேற்பார்க்கிறது. அதனையும், நிலையமெங்கும் பரவியுள்ள பதினைந்து கருவிகளையும் 150 மீட்டர் நீளமுள்ள ஊதா நிறக் கம்பிவடம் ஒன்று இணைக்கிறது.

இந்நிலையத்தில் வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள், பெரும்பாலும் மாலைப்பொழுதில், 'ஒன்பதாம் எண் கருவியுடன் தொடர்பில்லை' என்னும் எச்சரிக்கை திரையில் தோன்றும். பணியாளர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தொடர்பு மீண்டுவிடும். ஆயினும், அந்த இடைவெளியிலேயே வால்வு தானாக மூடிக்கொள்ளும், பம்புகள் நிற்கும், நிலையத்தை மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவர நெடுநேரம் ஆகும். அதுவரை ஊரின் குழாய்களில் நீர்வரத்துக் குறையும்.

பழுது ஒன்பதாம் கருவியில் இருப்பதாகக் கருதி அதனை மாற்றினார்கள். அடுத்த வாரம் பன்னிரண்டாம் கருவி தொடர்பிழந்தது. அதனையும் மாற்றினார்கள். பிறகு ஏழாம் கருவி தொடர்பிழந்தது. செலவு ஏறியது, பிழை நின்றபாடில்லை. இப்பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அறிய, முதலில் அக்கம்பிவடத்தில் நிகழும் உரையாடலைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தனிக்கம்பியிலிருந்து பொதுப்பாதைக்கு

ஒரு காலத்தில் ஒவ்வோர் உணரிக்கும் ஒவ்வொரு வால்வுக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தனித்தனியே கம்பிகள் இழுக்கப்பட்டன. அளவுகள் 4 மில்லியாம்பியர் முதல் 20 மில்லியாம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்பப்பட்டன. தொட்டி வெறுமையாக இருந்தால் 4, நிறைந்திருந்தால் 20. தொடக்க அளவைச் சுழி ஆக்காமல் 4 என வைத்ததில் ஒரு நுட்பம் உண்டு. மின்னோட்டம் சுழியானால், தொட்டி வெறுமையாகவில்லை, கம்பிதான் அறுந்துவிட்டது என்பதை உடனே அறியலாம். அம்முறையில் ஒரு கம்பி பழுதுற்றால் ஒரு கருவி மட்டுமே பாதிக்கப்படும். எனினும், நூற்றுக்கணக்கான கருவிகள் உள்ள ஆலையில் கம்பிக்கற்றைகள் மலைபோல் குவிந்தன.

இதற்கு மாற்றாகப் பல கருவிகளும் ஒரே கம்பிவடத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை உருவாயிற்று. களத்திலுள்ள கருவிகளை இணைக்கும் பொதுப்பாதை என்னும் பொருளில் அது ஃபீல்டுபஸ் எனப் பெயர் பெற்றது. அவ்வகையில் பரவலாகப் பயன்படும் ஒன்று புரோஃபிபஸ். செருமனியில் 1987ஆம் ஆண்டு நிறுவனங்களும் ஆய்வுக்கழகங்களும் இணைந்து தொடங்கிய கூட்டுத்திட்டத்தின் விளைவாக அது தோன்றியது, பின்னர் ஐ.இ.சி. 61158 என்னும் உலகத் தரநிலையிலும் இடம்பெற்றது. நாம் எடுத்துக்கொண்ட நிலையத்தின் ஊதா நிறக் கம்பிவடம் இவ்வகையைச் சேர்ந்ததே.

பொதுப்பாதையால் கம்பியும் செலவும் குறைந்தன. அதேநேரத்தில் புதியதொரு சிக்கலும் பிறந்தது. ஒரே பாதையை எல்லாரும் பகிர்வதால் ஓரிடத்தில் நேரும் குறை எல்லாரையும் தொடும். குறை இருக்கும் இடம் ஒன்றாகவும் அது வெளிப்படும் இடம் வேறொன்றாகவும் இருக்கலாம்.

உரையாடலின் ஒழுங்கு

ஒரே அறையில் பதினைந்து பேர் ஒருங்கே பேசினால் எவர் பேச்சும் விளங்காது. ஆகவே, ஆசிரியர் ஒவ்வொருவராக அழைத்து வினவ, அழைக்கப்பட்டவர் மட்டும் விடையளிக்கும் வகுப்பறை ஒழுங்கு இங்கே பின்பற்றப்படுகிறது. கட்டுப்படுத்தி தலைமைநிலையம், மற்றவை துணைநிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. தலைமைநிலையம் மூன்றாம் எண்ணை அழைத்துக் கட்டளையைக் கூறும். மூன்றாம் எண் தன் அளவுகளைத் திருப்பிக் கூறும். பிறகு நான்கு, ஐந்து என வரிசை தொடரும். நொடிக்கு 15 இலட்சம் பிட் வேகத்தில், அதாவது 1.5 மெகாபிட் வேகத்தில், இச்சுற்று ஒரு நொடிக்குள் பலமுறை நிறைவுறும்.

அழைப்புக்கு விடை வராவிடில் தலைமைநிலையம் மீண்டும் அழைக்கும். வந்த விடையில் பிழை இருப்பினும் அவ்வாறே செய்யும். செய்தி சிதைந்துள்ளதா என்பதை அறிய ஒவ்வொரு எழுத்துடனும் இணைமைப் பிட் ஒன்றும், செய்தியின் இறுதியில் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையும் இணைந்து வருகின்றன. குறிப்பிட்ட முறைகள் அழைத்தும் தக்க விடை கிடைக்காவிடில், அந்நிலையம் தொடர்பிழந்ததாக அறிவிக்கப்படும்.

துணைநிலையத்தின் பக்கமும் ஓர் ஏற்பாடு உண்டு. அதனைக் காவல் நேரங்காட்டி என்பர். தலைமைநிலையத்தின் அழைப்பு வரும்போதெல்லாம் அது மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். உரிய காலத்திற்குள் அழைப்பு வராவிடில், 'என்னை வழிநடத்துவோர் இல்லை' எனக் கொண்டு, துணைநிலையம் தன் வால்வையோ பம்பையோ முன்பே வரையறுத்த பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுசெல்லும். நம் நிலையத்தில் வால்வு தானாக மூடியது பழுதினால் அன்று. பாதுகாப்பு ஏற்பாடு தன் கடமையைச் செய்ததனாலேயே ஆகும்.

இவ்வொழுங்கிலிருந்து ஒன்றைத் தெளியலாம். திரையில் ஓர் எண் தோன்றுகிறது என்றால், அந்நிலையம் பழுதுற்றது என்பது பொருளன்று. அந்நிலையத்தின் முறை வந்த நேரத்தில் பாதையில் ஏதோ நேர்ந்தது என்பதே அதன் பொருள்.

கம்பிக்குள் நிகழ்வது

ஊதா உறைக்குள் பச்சை, சிவப்பு என இரு கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கியபடி செல்கின்றன. அவற்றைச் சுற்றி உலோகக் கவசம் உண்டு. செய்தியை உணர்த்துவது ஒரு கம்பியின் மின்னழுத்தம் அன்று. இரு கம்பிகளின் மின்னழுத்த வேறுபாடு. ஒரே படகில் இருவர் நிற்பதாகக் கொள்வோம். அலை படகை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் இருவரின் உயர வேறுபாடு மாறுவதில்லை. அதுபோல வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குவதால் அவற்றின் வேறுபாடு பெரிதும் காக்கப்படுகிறது. 1983ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்.எஸ்.-485 என்னும் தரநிலை இம்முறையை வரையறுத்தது. அதன்படி, வேறுபாடு 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஏற்கும் கருவி அதனை ஐயமின்றி உணரவேண்டும்.

அடுத்ததாக அறியவேண்டியது எதிரொலிப்பு. கிணற்றுக்குள் ஒலி எழுப்பினால் அது மோதித் திரும்புவதுபோல, கம்பியின் முனையை அடையும் மின்துடிப்பும் திரும்பி வரும். குறிகை ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோநொடி ஆகிறது. 100 மீட்டர் சென்று திரும்ப ஏறத்தாழ 1000 நானோநொடி. 1.5 மெகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் காலம் 667 நானோநொடியே. ஆகவே, முன்னே சென்ற பிட்டின் எதிரொலி, பின்னே வரும் பிட்டின்மேல் வந்து விழுகிறது. அதன் வடிவத்தைக் குலைக்கிறது.

இதனைத் தடுக்கவே கம்பிவடத்தின் இரு முனைகளிலும், இரு முனைகளில் மட்டும், முடிவுத்தடைகள் அமைக்கப்படுகின்றன. அவை துடிப்பின் ஆற்றலை உறிஞ்சிவிடுவதால் எதிரொலி எழுவதில்லை. புரோஃபிபஸ் முடிவுத்தடையில் மூன்று மின்தடைகள் உள்ளன. இரு கம்பிகளுக்கும் இடையே 220 ஓம். ஒரு கம்பியிலிருந்து 5 வோல்ட் மின்வழங்கலுக்கு 390 ஓம். மற்றொரு கம்பியிலிருந்து அம்மின்வழங்கலின் சுழி முனைக்கு 390 ஓம். முதல் தடை எதிரொலியை அடக்குவதில் பெரும்பங்கு வகிக்கிறது. மற்ற இரண்டும் எவரும் பேசாத அமைதி வேளையிலும் கம்பிகளுக்கிடையே திட்டமான ஒரு வேறுபாட்டை நிலைநிறுத்துகின்றன.

அமைதிக்கு அவ்வளவு இன்றியமையாமை உண்டா என வினவலாம். உண்டு. ஒவ்வோர் அழைப்பிற்கும் முன்னர் 33 பிட் நேரம் பாதை அமைதியாக இருக்கவேண்டும் என்பது புரோஃபிபஸ் விதி. அவ்வமைதி முடிந்து வேறுபாடு தலைகீழாகும் கணத்தையே செய்தியின் தொடக்கமாகக் கருவிகள் கொள்கின்றன. அமைதி வேளையில் மின்னிரைச்சல் புகுந்து அவ்வேறுபாட்டைக் குலைத்துவிட்டால், இரைச்சலையே செய்தியின் தொடக்கமாகக் கருவி பிழையாகக் கொள்ளும். உண்மையான செய்தியைத் தவறவிடும்.

தெரிந்து தெளிவோம்

வேகம் கூடக்கூடக் கம்பிவடத்தின் நீளம் குறையவேண்டும். புரோஃபிபஸ் வலையமைப்பின் ஒரு பகுதியில் நொடிக்கு 93.75 கிலோபிட் வரை 1200 மீட்டரும், 187.5 கிலோபிட்டுக்கு 1000 மீட்டரும், 500 கிலோபிட்டுக்கு 400 மீட்டரும், 1.5 மெகாபிட்டுக்கு 200 மீட்டரும், 12 மெகாபிட்டுக்கு 100 மீட்டரும் எல்லையாகும். ஒரு பகுதியில் 32 நிலையங்கள் வரை இணைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமாயின் குறிகையைப் புதுப்பித்துத் தரும் ரிப்பீட்டர் என்னும் கருவியை இடையில் அமைக்கவேண்டும்.

பிழை விட்டுச்செல்லும் தடம்

தொடர்பு அறுபடுவதற்குக் காரணங்கள் பல. ஆனால், ஒவ்வொரு காரணமும் தனக்கேயுரிய தடத்தை விட்டுச்செல்கிறது.

ஒரே ஒரு நிலையம் மட்டும் எப்போதும் தொடர்பிழக்குமாயின், அதன் மின்வழங்கல், இணைப்பான், எண் அமைப்பு ஆகியவற்றை ஐயுறலாம். இரு கருவிகளுக்குத் தவறுதலாக ஒரே எண் தரப்பட்டிருந்தால், அழைப்பு வந்ததும் இரண்டும் ஒருசேர விடையளிக்கும்; இரு குரலும் கலந்து எதுவும் விளங்காது போகும்.

ஓரிடத்திற்கு அப்பாலுள்ள நிலையங்கள் அனைத்தும் மறையுமாயின், அவ்விடத்தில் கம்பி அறுந்திருக்கலாம். இணைப்பானிலுள்ள முடிவுத்தடை விசை நடுவழியில் 'செயல்' நிலையில் இருக்கவும் கூடும். பெரும்பாலான புரோஃபிபஸ் இணைப்பான்களில் அவ்விசையைச் செயல்நிலைக்குத் தள்ளினால், முடிவுத்தடை இணைவதோடு அப்பால் செல்லும் கம்பிவடமும் துண்டிக்கப்படும். தூய்மைப் பணியின்போது கைபட்டு நகர்ந்த ஒரு சிறு விசை, ஆலையின் பாதியை மௌனமாக்கிவிடும்.

வெவ்வேறு நிலையங்கள் வெவ்வேறு நேரங்களில், ஒழுங்கின்றித் தொடர்பிழக்குமாயின், தனிக்கருவியைக் குறைகூறுதல் பொருந்தாது. முடிவுத்தடை, மின்னிரைச்சல், கவசத்தின் புவி இணைப்பு, வேகத்திற்குப் பொருந்தாத நீளம் ஆகிய பொதுக்காரணங்களையே நாடவேண்டும். மின்னிரைச்சலின் முதன்மையான ஊற்று, மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் என்னும் கருவி. அது மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தருவதால் அதன் கம்பிகளிலிருந்து கூர்மையான இரைச்சல் பரவுகிறது. எனவே, செய்திக் கம்பிவடத்திற்கும் மின்திறன் கம்பிகளுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் அளவிலேனும் இடைவெளி விடுவது நல்வழக்கமாகும். இரண்டும் ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கவேண்டும்.

நம் நிலையத்தில் ஒன்பது, பன்னிரண்டு, ஏழு என எண்கள் மாறி மாறி வந்தன. அத்தடம் எவ்வகையைச் சார்ந்தது என்பது இப்போது புலப்படும். கருவிகளை மாற்றியவர்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை. வினாவைத்தான் தவறாகக் கேட்டார்கள்.

தேடும் முறை

தேர்ந்த பொறியாளர் முதலில் கையில் எடுப்பது கருவிப்பெட்டியை அன்று, குறிப்பேட்டை. எந்நாள், எந்நேரம், எந்நிலையம், அப்போது ஆலையில் வேறென்ன நடந்துகொண்டிருந்தது என்பவற்றை வரிசையாக எழுதுகிறார். கட்டுப்படுத்தியின் நினைவகத்தில் பிழைப்பதிவுகள் நேரத்துடன் இருக்கும். பணியாளர்களின் நினைவில் இருப்பதோ, எவ்வளவு பெரிய நினைவகத்திலும் இல்லாத செய்தி. 'மழை நாள்களில் இது வருவதில்லை', 'மின்தூக்கி ஓடும்போதுதான் வருகிறது' என்பன போன்ற அவர்களுடைய சொற்கள் பன்முறை விடையின் பாதியாக அமைந்துவிடுவதுண்டு.

அடுத்தது கண்ணால் காணல். கம்பிவடம் செல்லும் வழியெங்கும் நடந்து பார்க்கவேண்டும். இணைப்பான்களின் திருகுகள் இறுகியுள்ளனவா? பச்சையும் சிவப்பும் இடம் மாறியுள்ளனவா? கவசம் உரிய பிடிப்பில் பரந்து தொடுகிறதா? முடிவுத்தடை விசைகள் இரு முனைகளில் மட்டும் செயல்நிலையில் உள்ளனவா? வரைபடம் காட்டும் பாதையும் தரையில் கிடக்கும் பாதையும் ஒன்றாக இல்லாதிருப்பது அரிதன்று.

மூன்றாவது அளத்தல். உரிய ஒப்புதலுடன் ஆலையை நிறுத்தி, இணைப்பான்களைக் கருவிகளிலிருந்து கழற்றி, இரு கம்பிகளுக்கிடையே மின்தடையை மல்டிமீட்டரால் அளக்கலாம். இரு முனைகளிலும் உள்ள 220 ஓம் தடைகள் பக்க இணைப்பில் அமைவதால் ஏறத்தாழ 110 ஓம் காட்டவேண்டும். கம்பியின் தடையால் சற்றே கூடலாம். 220 ஓமை ஒட்டி இருந்தால் ஒரு முடிவுத்தடை இல்லை என்று பொருள். ஏறத்தாழ 73 ஓம் எனில், மூன்றாவதாக ஒன்று எங்கோ நுழைந்துள்ளது. சுழியை ஒட்டி இருந்தால் கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன.

நான்காவது பாதியாகப் பகுத்தல். பதினாறு நிலையங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பதைவிட, நடுவிலுள்ள முடிவுத்தடை விசையைச் செயல்நிலைக்குத் தள்ளி, முன்பாதியை மட்டும் இயக்கிப் பார்க்கலாம். பிழை நீடித்தால் அது முன்பாதியில் உள்ளது. மறைந்தால் பின்பாதியை நாடவேண்டும். பதினாறு எட்டாகும், எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், நான்கே படிகளில் இடம் தெரிந்துவிடும். அகராதியில் சொல் தேடும்போது நாம் கையாளும் முறையும் இதுவே.

ஐந்தாவது குறிகையையே காணல். ஆசிலோஸ்கோப் என்னும் அலைவுகாட்டி, கம்பியில் செல்லும் துடிப்புகளின் உருவத்தைத் திரையில் வரைந்து காட்டும். தூய சதுரமாக இருக்கவேண்டிய துடிப்பில் பள்ளமும் மேடும் தெரிந்தால் எதிரொலி. கூர்முட்கள் தெரிந்தால் இரைச்சல். உயரம் குறைந்திருந்தால் மிகைச்சுமை அல்லது பழுதான இணைப்பு.

இவை அனைத்திற்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும். மூன்று பொருள்களை ஒருசேர மாற்றியபின் பிழை நின்றால், எதனால் நின்றது என்பது தெரியாது. காரணம் தெரியாமல் நின்ற பிழை, காரணம் தெரியாமலே திரும்பியும் வரும்.

புதிர் அவிழ்தல்

நம் நிலையத்திற்குத் திரும்புவோம். விசைகள் சரியாக இருந்தன. மின்தடை அளவும் 110 ஓமைச் சற்றே விஞ்சி, இருக்கவேண்டிய அளவிலேயே இருந்தது. இத்தோடு நின்றிருந்தால், 'வலையமைப்பில் குறையில்லை' என எழுதிவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

விடை குறிப்பேட்டில் இருந்தது. பிழை நேர்ந்த ஆறு மாலைகளிலும் இரு நிகழ்வுகள் ஒன்றாக வந்திருந்தன. ஒன்று, படிகாரத் தொட்டியைக் கழுவுவதற்காக அதன் மின்பெட்டி அணைக்கப்பட்டிருந்தது. மற்றொன்று, மணல் வடிகட்டியைக் கழுவும் பெரிய பம்பு, டிரைவ் வழியே ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் நிகழ்ந்த நாள்களில் பிழை இல்லை.

படிகார மின்பெட்டியில் இருந்தது பதினேழாம் எண் நிலையம். கம்பிவடத்தின் கடைசி நிலையமும் அதுவே. தொட்டியைக் கழுவும்போது பதினேழு மறைவது இயல்பு என்பதால் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆனால், அந்நிலையத்தின் இணைப்பானில் இருந்த முடிவுத்தடை, தனக்கு வேண்டிய 5 வோல்ட்டை அந்நிலையத்திடமிருந்தே பெற்றுவந்தது. பெட்டி அணைந்ததும் அதுவும் ஆதரவற்றுப் போயிற்று.

ஓமின் விதியைக் கொண்டு இதனைக் கணக்கிடலாம். ஒரு முடிவுத்தடையில் 390, 220, 390 ஆகிய மூன்றும் தொடரிணைப்பில் உள்ளன. மொத்தம் 1000 ஓம். 5 வோல்ட்டில் 5 மில்லியாம்பியர் பாயும். 220 ஓமின் குறுக்கே 1.1 வோல்ட் கிடைக்கும். இரு முனைகளும் மின்பெற்றிருக்கும்போது அமைதிவேளையின் வேறுபாடு இதுவே. ஒரு முனை மின்னிழந்தால், அம்முனையின் 220 ஓம், மறுமுனைக்குச் சுமையாக மட்டுமே எஞ்சும். இரு 220 ஓம்களும் பக்க இணைப்பில் 110 ஓம் ஆகும். மொத்தத் தடை 890 ஓம். மின்னோட்டம் ஏறத்தாழ 5.6 மில்லியாம்பியர். வேறுபாடு ஏறத்தாழ 0.62 வோல்ட். அதாவது, 0.2 வோல்ட் என்னும் எல்லைக்கு மேலே 0.9 வோல்ட்டாக இருந்த காப்பிடைவெளி 0.42 வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. பாதியினும் குறைவு.

அந்நிலையிலும் உரையாடல் தொடர்ந்தது. ஆனால், கழுவும் பம்பின் மின்கம்பியும் செய்திக் கம்பிவடமும் ஒரே தட்டில் 40 மீட்டர் தொலைவுக்கு ஒட்டியே கிடந்தன. முழு இடைவெளி இருந்தபோது இரைச்சல் தாங்கப்பட்டது. இடைவெளி சுருங்கியிருந்தபோது அதே இரைச்சல் எல்லையைத் தாண்டியது. அக்கணத்தில் எந்நிலையத்தின் முறை வந்ததோ அதுவே திரையில் குற்றவாளியாகக் காட்டப்பட்டது.

மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. மின்தடை எவ்வளவு என்னும் வினாவுக்கு அது சரியாகவே விடையளித்தது. அத்தடைக்கு மாலையில் மின்சாரம் கிடைக்கிறதா என்னும் வினாவை அதனிடம் எவரும் கேட்கவில்லை. ஒவ்வோர் அளவுகருவியும் தன்னிடம் கேட்கப்பட்டதற்கே விடை கூறும்.

தீர்வு எளியதாக இருந்தது. கம்பிவடத்தின் முனையில், எந்நிலையத்தையும் சாராமல், தனி மின்வழங்கல் கொண்ட முடிவுறுப்பு ஒன்று பொருத்தப்பட்டது. கம்பிவடம் வேறு தட்டுக்கு மாற்றப்பட்டது. ஒவ்வொன்றையும் செய்தபின் தனித்தனியே சோதித்தார்கள். இறுதியாகப் படிகாரப் பெட்டியை வேண்டுமென்றே அணைத்து, கழுவும் பம்பையும் ஓட்டி, பல மாலைகள் கவனித்தார்கள். பிழை வரவில்லை. பிழையை உண்டாக்கும் சூழலை மீண்டும் உருவாக்கி, அதில் பிழை தோன்றாமை கண்ட பின்னரே அது தீர்ந்தது எனக் கொள்ளல் தகும்.

மறைத்தலும் தீர்த்தலும்

இப்பிழைக்கு வேறொரு 'தீர்வும்' இருந்தது. மீண்டும் அழைக்கும் எண்ணிக்கையைக் கூட்டி, காவல் நேரங்காட்டியின் காலத்தையும் பல நொடிகளாக நீட்டியிருக்கலாம். அவ்வாறு செய்தால் எச்சரிக்கை தோன்றாது, வால்வு மூடாது, மேலதிகாரி வினவமாட்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை அது.

ஆனால், காவல் நேரங்காட்டி எதற்காக உள்ளது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். ஒருநாள் கம்பிவடம் உண்மையாகவே அறுந்துபோனால், குளோரினைச் செலுத்தும் கருவி தனக்குக் கடைசியாகக் கிடைத்த கட்டளையையே, நீட்டப்பட்ட அக்காலம் முழுவதும் நிறைவேற்றிக்கொண்டிருக்கும். விரைந்து சுழலும் பொறியாயின், அருகில் நிற்கும் தொழிலாளியின் உடலுக்கே தீங்கு நேரும். எச்சரிக்கையின் வாயை மூடுவதால் ஆபத்து குறைவதில்லை. அதனை அறியும் வழிதான் அடைபடுகிறது. அக்காலம், பொறி பாதுகாப்பாக எவ்வளவு நேரம் தனித்து இயங்கலாம் என்பதைக் கொண்டு வரையறுக்கப்பட வேண்டும். எச்சரிக்கை எவ்வளவு தொல்லை தருகிறது என்பதைக் கொண்டன்று.

நோய் இன்னதென அறிந்து, அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்து, அதன்பின் தணிக்கும் வழியை நாடுமாறு திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவருக்கு வழிகாட்டுகிறது. காய்ச்சலை அளக்கும் கருவியை உடைப்பதால் காய்ச்சல் தணியாது என்பதை மருத்துவர் அறிவார். வலையமைப்பைச் செப்பம் செய்பவருக்கும் அவ்வறிவு வேண்டும்.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் பொறிகளின் பொறுப்பை ஏற்பீர்கள். அங்கே வரும் பிழைகள் இப்பாடத்தில் கண்டவாறே இருக்கமாட்டா. எனினும், பார்த்ததை எழுதிவைத்தல், பாதியாகப் பகுத்துத் தேடுதல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல், காரணம் தெரியும்வரை நிறைவடையாதிருத்தல் ஆகிய பழக்கங்கள் எந்தப் பிழைக்கும் பொருந்தும். அந்த ஊரின் மக்களுக்கு முடிவுத்தடையைப் பற்றியோ காவல் நேரங்காட்டியைப் பற்றியோ எதுவும் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. மாலையில் குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. அதற்குப் பின்னால், குறிப்பேட்டில் ஆறு மாலைகளைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்த ஒருவரின் உழைப்பு இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. இரு முனைகளில் மட்டும் இருக்கவேண்டிய 220 ஓம் தடை, மூன்றாவதாக ஓரிடத்திலும் இணைந்தால் மொத்தத் தடை ஏறத்தாழ 73 ஓம் ஆவது எவ்வாறு எனக் கணக்கிட்டுக் காட்டுக.

2. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ அவ்வப்போது மட்டும் தோன்றி மறையும் பழுது ஒன்றினைத் தேர்ந்தெடுத்து, அது நிகழும் நேரம், சூழல் ஆகியவற்றை இரு வாரங்கள் குறிப்பேட்டில் பதிவுசெய்து, காரணத்தை ஊகித்து எழுதுக.

3. 'எச்சரிக்கையை மறைத்தல் தீர்வாகுமா?' என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.